மாமா கற்றுத்தந்த ஸ்டெப்னி வேலை

திருமுடிவாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவருக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. சிட்கோ தொழிற்பேட்டைக்குள் லேத் பட்டறைகள் நெருக்கமாக இருக்கின்றன. இரும்பைக் கடையும்போது விழுகிற சுருள் பிசிறு மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்குப் போகும். போகிற வழியில் கொஞ்சம் ரோட்டிலும் சிந்தும். எருமையூர் பக்கத்து கிரஷர்களிலிருந்து ஜல்லி லாரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகிற ரோடு. இன்னொரு பக்கம் வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் 400 அடி ரோடு. ஆணி, சுருள் பிசிறு, ஜல்லி எது குத்தினாலும் வண்டி கடைசியில் எங்கள் கடை வாசலுக்குத்தான் வரும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு தாய்மாமாவின் கடையில் சேர்ந்தேன். மாமா லாரி டயர் கழற்றியே வளர்ந்தவர். எனக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தருவார் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை முதலில் உட்காரவைத்தது ஸ்டெப்னி பக்கத்தில்.

"பஞ்சர் ஒட்ட யார் வேணாலும் கத்துக்கலாம்டா மருமவனே. ஒட்டு விட்டா காத்துதான் போவும். நட்டு விட்டா சக்கரமே போவும். முதல்ல இத கத்துக்க."

ஸ்டெப்னி மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். டிரைவிங் ஸ்கூலில் யாரும் சொல்லித்தருவதில்லை. வண்டி வாங்கும்போது ஷோரூமில் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி ஒருமுறை காட்டுவார்கள், அவ்வளவுதான். பிறகு அந்தச் சக்கரத்தின் முகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் நடுரோட்டில், இருட்டில், குடும்பத்தோடு நிற்கும்போது.

மாமாவின் பாடத்தில் ஜாக்கிக்கு மூன்றாவது இடம். முதல் இடம், வண்டியை நிறுத்துவதற்கு. காற்று இறங்குவது தெரிந்ததும் பதறி பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக இடது ஓரம் ஒதுக்க வேண்டும். ஓரம் என்றால் வெள்ளைக் கோட்டின் மேல் அல்ல. வலது பக்க டயர் போயிருந்தால், மாற்றுகிறவரின் முதுகு ஓடுகிற லாரிக்கு நேராக இருக்கும். அதனால் இன்னும் சற்றுத் தூரம் ஊர்ந்து போய்க் கெட்டியான சமதளத்தில் நிறுத்துவது நல்லது. அப்படி ஊர்ந்தால் டயர் கெட்டுப்போகலாம். "டயர் போனா வாங்கிக்கலாம்" என்பார் மாமா. அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். 400 அடி ரோட்டில் ஓரம் நின்ற வண்டிகள் மீது லாரி மோதியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அபாய விளக்கைப் போட்டு, ஆட்களை இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கவைத்து, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். 50 மீட்டராவது வேண்டும். வேகமாக வருகிறவன் பார்த்து, புரிந்து, விலகுவதற்கு அந்தத் தூரம் தேவை. இடம் சரியில்லை என்றால் மாற்றவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அடித்தால் ரோந்து வண்டி வரும்.

இரண்டாவது இடம் கல்லுக்கு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். முன் இடது போயிருந்தால் பின் வலதுக்குக் கல். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் தரையில் பிடிப்பு பாதியாகிவிடும். கல் இல்லாமல் வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்த கதையோடு எங்கள் கடைக்கு வந்தவர்கள் உண்டு. மாமா கடை வாசலில் ஒரு டப்பாவில் மரக்கட்டைத் துண்டுகள் போட்டுவைத்திருக்கிறார். கேட்டவர்களுக்கு இரண்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஜாக்கி வைப்பதற்கு முன்னாலேயே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதுதான் அது சுழலாமல் நிற்கும், நட்டும் அசையும். தூக்கிவிட்டுத் திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஜாக்கி மேல் ஆடும். கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றக் கூடாது.

இந்த இடத்தில் மாமா ஒரு வேலை செய்வார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. வண்டிக்காரர் நிற்க, தானே கழற்றிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பலாம். அவர் ஸ்பேனரை வண்டிக்காரர் கையில் கொடுப்பார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சின்ன காரில் வந்திருந்தார். முன் இடது டயர் அப்படியே ரிம்மில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நீங்களே போட்டுடுங்க, எனக்கு இதெல்லாம் வராது."

"வரும்மா. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு போற பொண்ணு. அப்போ நான் கூட வரமாட்டேன். ஸ்பேனர இந்தாண்ட இடது பக்கம் படுக்க மாட்டு. இப்போ மேல இருந்து அமுக்கு. கையால இல்லம்மா, ஒடம்ப சாய்ச்சி அமுக்கு."

ஸ்பேனரின் கைப்பிடி தரைக்கு இணையாக இடது பக்கம் நீண்டிருந்தது. அவர் இரண்டு உள்ளங்கையையும் அதன் நுனியில் வைத்து, முழங்கையை மடக்காமல் தோளைச் சாய்த்தார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். டக் என்று ஒரு சத்தம். நட்டு விட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து மாமாவைப் பார்த்த பார்வையை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். மீதி மூன்றையும் யாரும் சொல்லாமலே விடுவித்தார்.

வேண்டியது பலம் அல்ல, சரியான நிலையில் வைத்து அழுத்துவது. கழற்ற இடது பக்கம் அழுத்து, முடுக்க வலது பக்கம் அழுத்து. இரண்டிலும் உடல் எடை கீழ்நோக்கியே இறங்கும். இதை மாமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்திருந்தேன், ஆனால் கையில் பார்த்தது அங்கேதான். சின்ன கார்களின் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கேட்பார்கள். வண்டிக்கு வண்டி மாறும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடை அழுத்தினால் கிட்டத்தட்ட அந்த விசை கிடைத்துவிடும். நடுத்தர உடல்வாகு உள்ளவர் சாய்ந்து அழுத்தினாலே போதும் என்று அர்த்தம். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பவர்களை மாமா விடவே மாட்டார். குதித்தால் போல்ட் நீண்டுவிடும், மரை சிதையும். அடுத்த முறை பஞ்சரானால் அந்த நட்டு யாருக்கும் அசையாது. இல்லாவிட்டால் முறிந்து கையோடு வரும்.

ஜாக்கி வைக்கும் இடம் காரின் அடிவிளிம்பில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று. விரலால் தடவினால் இரண்டு சிறு வெட்டு தட்டுப்படும். அந்த வெட்டுகளுக்கு நடுவில்தான் தகடு கனமாக இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு மடங்கி, ஜாக்கி உள்ளே போய்விடும். மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் பலகை. கொஞ்சம் தூக்கியதும் ஸ்டெப்னியை எடுத்துக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட வேண்டும். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அந்த டயர் மேல் உட்காரும், கை கால் மேல் உட்காராது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே இழுக்க வேண்டும். இதற்குச் சில நொடிகள்தான் ஆகும், ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு. தலையோ தோளோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்குப் பிறகு இது அதிகம். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துரு கடித்திருக்கும். சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. ஒரு நட்டை மட்டும் இரண்டு மரை பிடிக்கிற மாதிரி மறுபடி மாட்டிவிட்டு, டயரின் பக்கவாட்டில் குதிகாலால் மாறி மாறி இரண்டு பக்கமும் தட்டினால் இளகி வரும். வந்த பிறகு ஹப்பின் முகத்தைத் துணியால் துடைப்பது மாமாவிடம் கட்டாயம். அங்கே சின்ன மண் கட்டி ஒன்று இருந்தாலும், ஓடும்போது அது நசுங்கி இடைவெளி விழும், இறுகியிருந்த நட்டு தளரும். வழவழப்புக்காக மரையில் எண்ணெய் விடுவதும் தப்பு. எண்ணெய் பட்டால் அதே அழுத்தத்துக்கு நட்டு அளவுக்கு மீறி இறங்கும்.

நட்டுக்கு ஒரு பக்கம் கூம்பாக இருக்கும். அந்தக் கூம்பு ரிம்மைப் பார்த்து உட்கார வேண்டும். எல்லா நட்டையும் முதலில் விரலாலேயே ஓட்ட வேண்டும், பிறகுதான் ஸ்பேனர். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்றாக. வட்டமாக வரிசையில் முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். வண்டியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு கடைசி அழுத்து. 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் ஸ்டெப்னி மாற்றிப்போகும் எல்லோரிடமும் மாமா சொல்லும் கடைசி வார்த்தை இதுதான்: "நாளைக்கு ஒருவாட்டி நட்ட தொட்டுப் பாருங்க."

இவ்வளவும் ஸ்டெப்னியில் காற்று இருந்தால்தான். கடையில் நான் பார்த்தவரை, நடுவழியில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களின் பெரிய சங்கடம் ஜாக்கியோ நட்டோ அல்ல. ஸ்டெப்னியை எடுத்துக் கீழே போட்டால் அதுவும் தட்டையாக இருக்கிறது. டயர் சும்மா கிடந்தாலும் ரப்பர் வழியாகக் காற்று கசியும். மாதம் ஒன்று, இரண்டு பாயிண்ட் இறங்குவது சாதாரணம். 33 பாயிண்ட் வைத்து வாங்கிய ஸ்டெப்னி ஒரு வருடம் தொடாமல் கிடந்தால் 20க்கு அருகில் வந்திருக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் மாதா மாதம் காற்று பார்க்கிறவர்கள் கூட "ஸ்டெப்னி பாக்கவா சார்?" என்று கேட்டால், டிக்கியில் சாமான் இருக்கிறது, அடுத்த தடவை என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். மாமா ஸ்டெப்னிக்கு மட்டும் மூன்று நான்கு பாயிண்ட் கூட வைப்பார். தேவைப்படும் இடத்தில் கூடுதலை இறக்கிவிடலாம். இல்லாத காற்றை ரோட்டில் எங்கே போய்ப் பிடிப்பது?

காற்று மட்டுமல்ல, வயதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அப்பல்லோ ஒரகடத்திலும் ஜேகே ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் செய்கின்றன. எங்கள் கடையிலிருந்து ஒரு சவாரி தூரம்தான். அங்கிருந்து புத்தம் புதிதாக வந்த டயரும் உபயோகிக்காமல் கிடந்தால் கிழடாகும். ஆறு வருடம் தாண்டினால் நன்றாகச் சோதிக்க வேண்டும். பத்து வருடமானால் பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். விரலால் பக்கவாட்டை மடக்கிப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரியும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையில் குன்றத்தூர், காவனூர், திருநீர்மலை என்ற பெயர்களோடு திருமுடிவாக்கமும் இருக்கும். உபரிநீர் இந்த வழியாக வந்துதான் அடையாற்றில் சேருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்தில் எத்தனை கார்கள் முழுகின என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு மிக்ஜாம் புயல் வந்தது 2023இல். தண்ணீரில் நின்ற காரை மெக்கானிக்கிடம் கொடுத்து இன்ஜின், சீட், ஒயரிங் எல்லாம் சரிசெய்துவிடுவார்கள். டிக்கியின் அடியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தை யாரும் திறப்பதில்லை. அங்கே தேங்கிய தண்ணீர் அங்கேயே ஊறும். மாமா ஒருமுறை அப்படி ஒரு பள்ளத்தைத் திறந்தார். சேறு காய்ந்து ஓடாக வெடித்திருந்தது. ரிம் முழுக்கத் துரு. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் நடுத் திருகு பள்ளத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்த ஜாக்கியின் திருகும் அசையவில்லை. சேற்றைச் சுரண்டி எடுத்ததும் அடியில் வட்டமான ரப்பர் மூடி ஒன்று தெரிந்தது. "இத புடுங்கியிருந்தா தண்ணி அன்னைக்கே எறங்கியிருக்கும்" என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நிறைய கார்களில் அந்த மூடி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் கம்பளத்தைத் தூக்கி, மூடியைப் பிடுங்கி, துடைத்துக் காயவைத்து, மறுபடி மாட்டினால் போதும்.

இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி பின்பக்க அடியில் தொங்கும். கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். சேறும் தண்ணீரும் நேராக அடிப்பதால் அந்த இறக்கும் கருவி துருப்பிடித்து நின்றுவிடும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது இறக்கி ஏற்றிவைக்க வேண்டும். சிஎன்ஜி போட்ட கால் டாக்ஸிகளில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ள, ஸ்டெப்னியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓட்டும் தம்பிகள் இருக்கிறார்கள். இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நடுராத்திரியில் பயணியோடு நிற்கும்போது நஷ்டம் அவர்களுக்குத்தான்.

சின்ன ஸ்டெப்னி பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற நான்கும் அலாய் வீலாக இருக்க, இது ஒல்லியாக இரும்பு ரிம்மில் இருக்கும். மேலே 80 என்று ஸ்டிக்கர். அந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, கடை வரை போய்ச் சேருவதற்கு மட்டும்தான். அதில் மிக ஒல்லியான வகைக்கு 60 பாயிண்ட் காற்று வேண்டும் என்று பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். வழக்கமான 33ஐ வைத்தால் பாரம் தாங்காமல் சூடேறும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர் போனால், பின்பக்க நல்ல டயரை முன்னுக்கு மாற்றி, சின்ன ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது சரி. இழுக்கும் அச்சில் ஒரு பக்கம் சிறிய சக்கரம் இருந்தால், நேராக ஓடும்போதும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். இரண்டு தடவை ஜாக்கி ஏற்ற வேண்டுமே என்று பலர் செய்வதில்லை. தூரம் போக வேண்டியிருந்தால் செய்துவிடுங்கள்.

ஆதிக்காலக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. டயர் போனால் ரோட்டோரம் உட்கார்ந்து பிரித்து ஒட்டிய பிறகுதான் பயணம். 1904இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள், காற்றடித்த டயரோடு ஆரமில்லாத ஒரு வளையத்தைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் கவ்வவைத்து ஓட்ட வழி செய்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் நம்பிவந்த மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடு இப்போது குறைந்துவருகிறது. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். 3.5 டன் வரையிலான பயணிகள் வாகனத்தில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. மின்சாரக் காரில் பேட்டரிக்கு இடம் வேண்டும், எடை குறைய வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆணி குத்திய ஓட்டைக்கு அந்தக் கிட் போதும். ஆனால் பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டு கிழிந்தாலோ, லேத் பிசிறு நீளமாக அறுத்தாலோ கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாட்டுக் கிழிசலை நாங்களும் ஒட்டமாட்டோம், ஒட்டவும் கூடாது. எங்கள் கடைக்கு வருகிற டயர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ரோட்டுக்கு முழு அளவு ஸ்டெப்னி வேண்டும். வாங்கப்போகும் காரில் அது இல்லை என்றால், தனியாகக் காசு கொடுத்தாவது கேட்டு வாங்குங்கள்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில், வெளிச்சத்தில், டிக்கியில் இருக்கும் சாமானை இறக்கிவையுங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். ஜாக்கி சுற்றுகிறதா, ஸ்பேனர் உங்கள் நட்டுக்குப் பொருந்துகிறதா, அலாய் வீலுக்குப் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று பாருங்கள். ஒரு சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும், ஓட்டக் கற்கும் பிள்ளைகளையும் கூட்டிவைத்துச் செய்யுங்கள். பிறகு பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய் ஐந்து டயருக்கும் காற்று பிடியுங்கள். அங்கே காற்று இலவசம்.